கேப்டன் பதவியை விட்டுத் துடைப்பம் பிடித்தவர்: கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டம்பர் 28 அன்று, ஹவாயின் மாவி தீவில் தன் வீட்டில், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் காலமானார். அவருக்கு வயது 88. அமெரிக்க ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர், ஹெலிகாப்டர் ஓட்டியவர், பிறகு கன்ட்ரி இசையின் பாடல் எழுத்தையே மாற்றியவர். அவருடைய பாட்டை யாருக்காவது போட்டுக் காட்டினால் அடுத்த நிமிடமே கேள்விகள் தொடங்கிவிடும். பல வருடங்களாக நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில், கன்ட்ரி இசை என்றால் என்ன?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், மலைப்பகுதிகளிலும் பருத்திக் காடுகளிலும் வேலை செய்த ஏழை ஜனங்களின் பாட்டிலிருந்து வளர்ந்தது. கிட்டார், பிடில், பாஞ்சோ, இழுத்து இழுத்து அழுவது போல ஒலிக்கும் ஸ்டீல் கிட்டார், இவைதான் அதன் வாத்தியங்கள். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் அதன் தலைநகரம். அங்கிருந்து 1925 முதல் வானொலியில் ஒலிபரப்பாகிவரும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சிக்கு இந்த இசையில் கோயில் மாதிரி ஒரு மரியாதை உண்டு. நம் ஊர்க் கிராமியப் பாட்டோடு சிலர் ஒப்பிடுவார்கள். அது பாதி சரி. கன்ட்ரி பாட்டு சீக்கிரமே இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் போய்த் தொழிலாகிவிட்டது. அங்கே எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்பது சகஜம். இந்த விஷயம் தெரிந்தால்தான் கிறிஸ்டோஃபர்சன் கதை புரியும். நாஷ்வில்லுக்கு அவர் பாடகராகப் போகவில்லை. பாட்டு எழுதி, அதைப் பாட யாராவது கிடைப்பார்களா என்று அலையத்தான் போனார்.

அவர் எந்த மாதிரிக் குடும்பத்திலிருந்து வந்தார்?

1936 ஜூன் 22 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில்லில் பிறந்தார். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர். அப்பாவைப் பெற்ற தாத்தா சுவீடன் நாட்டுக்காரர். அப்பா விமானப்படை அதிகாரி, மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தவர். ராணுவ வீட்டுப் பிள்ளை என்பதால் ஊர் ஊராக மாறி, கடைசியில் கலிபோர்னியாவின் சான் மாட்டியோவில் பள்ளிப்படிப்பை முடித்தார்.

அதன் பிறகு பொமோனா கல்லூரி. இலக்கியம் படித்து 1958-இல் மிக உயர்ந்த தகுதியில் தேறினார். அந்த நாட்களிலேயே ரக்பி, அமெரிக்கக் கால்பந்து, குத்துச்சண்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை கல்லூரி மாணவரான அவரைப் பற்றிக் குறிப்பு எழுதியது. எழுதிய சிறுகதைகளுக்கும் பரிசு வாங்கினார். பிறகு ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டின் மெர்டன் கல்லூரிக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டவர் பழைய ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக். கடைசிவரை அவர் விடவேயில்லை. கடவுள் கொடுத்த திறமையைப் புதைத்து வைப்பவன் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பிளேக்கின் எண்ணத்தை அறுபது வயதிலும் பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் 'கிரிஸ் கார்சன்' என்ற பெயரில் பாட்டுப் பாடிப் பதிவும் செய்துபார்த்தார். அது எடுபடவில்லை.

ராணுவத்தில் ஏன் சேர்ந்தார்?

வீட்டு வழக்கம் அது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார், ராணுவத்தில் சேர்ந்தார். அலபாமாவின் ஃபோர்ட் ரக்கர் முகாமில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றார். கடுமைக்குப் பேர்போன ரேஞ்சர் பயிற்சியையும் முடித்தார். பிறகு மேற்கு ஜெர்மனியில் பணி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. கேப்டன் ஆனார்.

ஜெர்மனி முகாமில்தான் பழைய பாட்டுக் கிறுக்கு மறுபடி தலைதூக்கியது. கூட வேலை பார்த்த சிப்பாய்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். சிப்பாய்கள் கூடும் விடுதிகளில் பாடினார்கள். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன்கள்தான் அவருடைய முதல் ரசிகர்கள். அவருடைய பிற்காலப் பாட்டுகளில் வருகிற தனிமையை நான் அங்கிருந்துதான் கணக்கெடுப்பேன். நாஷ்வில் கற்றுக்கொடுத்தது தொழிலை. அந்தத் தனிமையை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

அவர் போரில் சண்டையிட்டாரா?

இல்லை. அமெரிக்காவில் ராணுவத்தில் பணியாற்றி வெளியே வந்த எவரையும் 'வெட்டரன்' என்பார்கள், போர்முனை பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. வியட்நாமுக்குப் போகிறேன் என்று கிறிஸ்டோஃபர்சன் தானே முன்வந்தார். மேலிடம் அவரை அனுப்பவில்லை. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கச் சொன்னது. ராணுவத்தில் இருந்துகொண்டே படித்த படிப்பையும் விடாமல் வாழலாம். கௌரவமான வேலை, குடும்பத்துக்கு நிம்மதி.

1965-இல் விடுப்பில் இரண்டு வாரம் நாஷ்வில்லுக்குப் போனார். படைப்பிரிவில் கூட இருந்த ஒருவரின் உறவினரான மேரிஜான் வில்கின் அங்கே பாடலாசிரியராகவும் பாடல் பதிப்பாளராகவும் இருந்தார். அந்த அறிமுகத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்காரர்களோடு இரவெல்லாம் சுற்றினார். திரும்பி வந்ததும் ராணுவத்திலிருந்து விலகிக்கொண்டார். வெஸ்ட் பாயிண்ட் வேலையில் சேரவேயில்லை.

வீட்டில் என்ன சொன்னார்கள்?

அம்மா உறவையே முறித்துக்கொண்டார். பதினான்கு வயதுக்கு மேல் யாரும் அந்தப் பாட்டைக் கேட்பதில்லை, கேட்பவர்கள் நாம் பழகக்கூடிய ஆட்களும் இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு கடிதம் வந்தது. ஒரு ஜெனரலின் வீட்டில், ஆக்ஸ்ஃபோர்டு வரை படிக்க வைத்த பிள்ளை குடிகாரர்களும் ஓடிப்போனவர்களும் வருகிற பாட்டுகளை எழுதப் போகிறேன் என்றால் வேறு என்ன சொல்வார்கள்? ஐ.ஏ.எஸ். தேறிய பையன் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு நாடகக் கம்பெனிக்குக் கிளம்பினால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அந்த ஒரு கடிதத்தின் பாரத்தை மகன் வெகுகாலம் சுமந்தார்.

அவர் ஸ்டுடியோவில் துப்புரவு வேலை பார்த்தது உண்மையா?

உண்மை. நாஷ்வில்லில் இருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை துடைத்தார், சாம்பல் கிண்ணங்களைக் காலிசெய்தார், பழைய டேப்புகளை அழித்து வைத்தார். முப்பதை நெருங்கும் வயது, கேப்டன் பதவி, ஆக்ஸ்ஃபோர்டு பட்டம். கையில் துடைப்பம்.

1966-இன் தொடக்கத்தில் பாடகர் பாப் டிலன் தன் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' தொகுப்பைப் பதிவுசெய்ய அந்தக் கூடத்துக்கு வந்தார். வெளியாட்கள் உள்ளே வந்துவிடாதபடி வாசலில் காவல். நாஷ்வில்லின் பாடலாசிரியர்களில் உள்ளே நடமாட முடிந்தவர் கிறிஸ்டோஃபர்சன் ஒருவர்தான், துப்புரவாளர் என்பதால். அவர் பின்னாளில் விவரித்த காட்சி மனதை விட்டுப் போகாது. வாத்தியக்காரர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். கூடத்துக்குள் டிலன் தனியாக, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், பியானோ முன் உட்கார்ந்து இரவு முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்டோஃபர்சன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வேலை போய்விடும். சாம்பல் கிண்ணத்தை எடுத்துக் கொட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்திருப்பார்.

கன்ட்ரி நட்சத்திரம் ஜானி கேஷும் பாட்டுப் பதிவுக்கு அங்கே வருவார். கேஷுக்குப் பாட்டு கொடுத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அதனால் பின்னாளில் கேஷின் மனைவியான ஜூன் கார்ட்டரிடம் டேப்பைக் கொடுத்துவிட்டார். தனக்கு வந்த அப்படிப்பட்ட டேப்புகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரியில் வீசிவிடுவேன் என்று கேஷே சொல்லியிருக்கிறார்.

ராணுவத்தை விட்டுவிட்ட பிறகு ஹெலிகாப்டர் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

கிறிஸ்டோஃபர்சன் கதையைப் பொதுவாக எப்படிச் சொல்வார்கள் என்றால், ராணுவச் சட்டையைக் கழற்றி எறிந்தார், விடுதலையானார், பாட்டு பிறந்தது. கேட்க நன்றாக இருக்கும். நடந்தது வேறு. 1968-இல் அவருக்குப் பிறந்த மகனுக்கு உணவுக்குழாயில் பிறவிக் கோளாறு. மருத்துவமனைச் செலவு கழுத்தை நெரித்தது. துடைப்பம் பிடித்து வருகிற சம்பளத்தில் அதைக் கட்ட முடியாது, எழுதிய பாட்டோ விலை போகவில்லை. அப்போது கைகொடுத்தது ராணுவம் கற்றுத்தந்த தொழில். லூசியானா மாநிலத்தில் பெட்ரோலியம் ஹெலிகாப்டர்ஸ் என்ற நிறுவனத்தில் ஓட்டியாகச் சேர்ந்தார். மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்கு நடுவே நிற்கிற எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, முறை முடிந்தவர்களை ஏற்றி வருவதுதான் வேலை. ஒரு வாரம் வளைகுடாவில். அடுத்த வாரம் நாஷ்வில்லில், எழுதியதை யாராவது கேட்பார்களா என்று கதவு தட்டல். மறுபடியும் வளைகுடா.

ஒரு மேடையில் ஆட்களை இறக்கிவிட்டால் அடுத்த பயணம் வரைக்கும் ஓட்டிக்குச் சும்மா இருப்பதுதான் வேலை. சுற்றிலும் தண்ணீர், காலடியில் இரும்புத் தட்டு அதிரும் சத்தம், பேசவும் ஆள் கிடையாது. அங்கே உட்கார்ந்து எழுதிய பாட்டு 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்'. இந்த இரவை மட்டும் தாண்டிவிட உதவு, சரியா தப்பா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆள் கேட்கிற பாட்டு அது. அந்தத் தலைப்புக்கான பொறி பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் பேட்டி ஒன்றிலிருந்து கிடைத்தது. எதை நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, ராத்திரியைத் தாண்ட உதவுவது எதுவானாலும் சரி என்கிற மாதிரிப் பதில் சொல்லியிருந்தார் சினாட்ரா.

ராணுவம் அவரை எழுதவிடாமல் தடுத்தது என்று சொல்பவர்களுக்கு நான் இந்த மேடையைத்தான் காட்டுவேன். அங்கே கிடைத்த சம்பளம் பிள்ளையின் மருத்துவச் செலவுக்குப் போனது. கிடைத்த நேரம் பாட்டுக்குப் போனது.

'மீ அண்ட் பாபி மெக்கீ' எப்படிப் பிறந்தது?

மானுமென்ட் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஃபிரெட் ஃபாஸ்டர் ஒரு தலைப்பை மட்டும் கொடுத்தார். அவர்கள் கட்டடத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணின் பெயர் அது. McGee என்பது கிறிஸ்டோஃபர்சன் காதில் விழுந்த உச்சரிப்பு, உண்மைப் பெயர் McKee. தலைப்பு சொல்லி எழுதச் சொன்னால் அவருக்குக் கை ஓடாது. மாதக்கணக்கில் ஃபாஸ்டர் கண்ணில் படாமல் நழுவினார்.

பிறகு லூசியானாவில், வேலை முடிந்து மழையில் நியூ ஆர்லியன்ஸை நோக்கிக் காரோட்டிப் போகும்போது வரிகள் கூடி வந்தன. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் அசைந்து தாளம் போடுவதாகப் பாட்டில் வரும். அது அந்தக் காரின் வைப்பர்தான்.

பாட்டின் கரு ஒரு சினிமாவிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார், ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா'. அதில் ஆன்டனி குவின் தன்னோடு ஊர் சுற்றிய அப்பாவிப் பெண்ணைத் தூங்கும்போது வழியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். பிறகு அவள் இறந்துபோன செய்தி தெரிந்து, கடற்கரையில் விழுந்து அழுவார். அவளைத் தொலைத்து அவர் அடைந்த விடுதலைதான் அவரை அழித்தது. இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நிலைக்கு விடுதலை என்று இன்னொரு பெயர் என்கிறது பாட்டின் மையமான வரி. அதைக் கொண்டாட்டமாகப் பாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புலம்பல். மனைவியும் பிள்ளைகளும் விலகிப்போக, வீட்டார் கைவிட, கையில் எதுவும் இல்லாமல் நின்றவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து வைத்த வரி.

முதலில் 1969-இல் ரோஜர் மில்லர் பாடினார். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். 1970 அக்டோபர் 4 அன்று இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் பதிவுசெய்தார். அவர் அதைப் பாடியிருப்பதே கிறிஸ்டோஃபர்சனுக்கு அவருடைய சாவுக்குப் பிறகுதான் தெரியும். 1971-இல் அந்தப் பதிவு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் ஹெலிகாப்டரை இறக்கினாராமே?

இறக்கினார். அந்தச் சமயம் டென்னசி தேசியக் காவல்படையிலும் பகுதிநேரமாக ஹெலிகாப்டர் ஓட்டிவந்தார். நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் ஹெண்டர்சன்வில்லில், ஏரிக்கரையில் இருந்த கேஷின் வீட்டு முற்றத்தில் அதைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். டேப்பைச் சேர்ப்பிக்க வேறு வழி தெரியாத ஒருவர் செய்த காரியம்.

கேஷ் சொன்ன கதையில் கிறிஸ்டோஃபர்சன் ஒரு கையில் டேப்பும் இன்னொரு கையில் பீருமாக இறங்கி வருகிறார். கிறிஸ்டோஃபர்சன் சொன்ன கதையில் கேஷ் அப்போது வீட்டிலேயே இல்லை. ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் இரண்டு காலும் வேண்டும், பீரை எதில் பிடிப்பது என்று கேட்பார். கேஷுக்குக் கற்பனை அதிகம், அவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன் என்று மரியாதையாக முடித்துவிடுவார். கொண்டுபோன பாட்டும் 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' என்று பலர் எழுதுகிறார்கள். யாரும் பதிவுசெய்யாத வேறொரு பாட்டு அது என்பது கிறிஸ்டோஃபர்சனின் பதில். ஓட்டியவர் சொல்வதை நம்புவதுதான் முறை.

'சண்டே மார்னிங் கமிங் டவுன்' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ஒன்றும் நடக்காது. ஓர் ஆள் ஞாயிற்றுக்கிழமை காலை தலைவலியோடு எழுந்திருக்கிறான். இருப்பதில் அழுக்குக் குறைந்த சட்டையைத் தேடிப் போடுகிறான். தெருவில் நடக்கிறான். எங்கோ ஒரு வீட்டில் கோழி பொரிக்கும் வாசம் வருகிறது. பூங்காவில் ஓர் அப்பா தன் சின்ன மகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறார். தேவாலயத்திலிருந்து பாட்டு கேட்கிறது, தூரத்தில் மணி அடிக்கிறது. அவ்வளவுதான்.

அந்தக் கோழி வாசத்தில்தான் பாட்டு இருக்கிறது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேன்ஷன் அறையிலிருந்து இறங்கி ஒருவர் நடக்கும்போது, எந்த வீட்டிலிருந்தோ கறிக்குழம்பு தாளிக்கும் வாசம் வருமே, அதே இடம். தனக்கென்று ஒரு வீடு இருந்தது என்பது மூக்கு வழியாக ஞாபகம் வருகிறது. 'நான் தனியாக இருக்கிறேன்' என்று எழுதுவதற்கு ஆயிரம் பேர் உண்டு. அந்த வாசத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கு அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும். பிளேக்கைப் படித்தவரின் காதும் தெரியும். வரிக்குள்ளேயே மோனையும் இயைபும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும், பாடும்போது நாக்கு தடுக்காது.

1969-இல் ரே ஸ்டீவன்ஸ் முதலில் பாடினார். 1970-இல் கேஷ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நாஷ்வில்லின் ரைமன் அரங்கத்தில் பாடினார். பாட்டில் வருகிற போதையைக் குறிக்கும் சொல்லை மாற்றச் சொன்னது தொலைக்காட்சி நிறுவனம். மாடத்தில் உட்கார்ந்திருந்த கிறிஸ்டோஃபர்சன் பக்கம் முகத்தைத் திருப்பி, எழுதியிருந்த சொல்லை அப்படியே பாடினார் கேஷ். அந்த வருடம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடல் விருது இதற்குத்தான். அதே வருடம் அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் என்ற இன்னோர் அமைப்பின் சிறந்த பாடல் விருதும் அவருக்கே வந்தது, ரே பிரைஸ் பாடிய 'ஃபார் தி குட் டைம்ஸ்' பாட்டுக்காக. ஐந்து வருடமாகக் கதவு தட்டியவருக்கு எல்லாக் கதவும் ஒரே வருடத்தில் திறந்தன. அடுத்து சாமி ஸ்மித் பாடிய 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்' கிராமி விருதையும் கொண்டுவந்தது.

அவர் குரல் நன்றாகவே இல்லையே?

அவரும் அதையேதான் சொன்னார். நீயே பாடு என்று ஃபிரெட் ஃபாஸ்டர் சொன்னபோது, நான் தவளை மாதிரிக் கத்துவேன் என்றார். தவளைதான், ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த தவளை என்று ஃபாஸ்டர் விடாமல் பதிவுசெய்தார். 1970-இல் முதல் தொகுப்பு வந்தது. அந்த வருடமே இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் திருவிழாவில் கூட்டம் கூச்சலிட்டு அவரை மேடையிலிருந்து இறங்க வைத்தது. 1973-இல் 'வை மீ' என்ற பக்திப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. தேவாலயத்துக்குப் போன இடத்தில் தன்னையறியாமல் அழுது, அதிலிருந்து எழுதிய பாட்டு. இந்தக் கனிவான நாள்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்கும்போது அந்தக் கரகரப்பு தேவைப்படுகிறது. இனிமையான குரலில் பாடியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

சினிமாவில் நடித்தவரும் இவர்தானா?

ஆமாம். 1971 முதல் நிறையப் படங்கள். பார்பரா ஸ்ட்ரைசண்டுடன் நடித்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' (1976) கோல்டன் குளோப் விருது வாங்கித் தந்தது. குடியால் அழியும் பாடகன் வேடம். அதில் தன்னையே பார்த்துவிட்டுக் குடியை நிறுத்தினார். 'ஹெவன்ஸ் கேட்' (1980) பெரும் நஷ்டப்பட்டு அவருடைய நாயக வாய்ப்புகளையும் இழுத்துக்கொண்டு போனது. இன்றைய இளைஞர்கள் 'பிளேட்' படங்களில் வரும் கிழவராக அவரை அறிவார்கள்.

'ஹைவேமென்' என்பது என்ன?

ஜானி கேஷ், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ், கிறிஸ்டோஃபர்சன் நால்வரும் சேர்ந்த குழு. 1985, 1990, 1995 ஆகிய வருடங்களில் மூன்று தொகுப்புகள். இதில் மூன்று பேர் படையில் இருந்தவர்கள். கேஷ் 1950 முதல் 1954 வரை விமானப்படையில் இருந்தார். ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்கில் உட்கார்ந்து சோவியத் படைகளின் மோர்ஸ் சங்கேதங்களை ஒட்டுக்கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. முதல் குழுவை அமைத்ததும் அங்கேதான். வில்லி நெல்சனும் விமானப்படையில் சில மாதங்கள் இருந்து, முதுகுவலியால் வெளியே வந்தார்.

படையிலிருந்து கன்ட்ரி பாட்டுக்கு வந்தவர்கள் வேறு யார்?

நிறையப் பேர். ஜார்ஜ் ஜோன்ஸ் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர். ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1970-களின் தொடக்கத்தில் ஹவாய் முகாமில் இருக்கும்போது ராணுவமே ஆதரித்த ஒரு குழுவில் பாடத் தொடங்கினார். கிரெய்க் மார்கன் வருடக்கணக்கில் ராணுவத்தில் இருந்து, 1989 பனாமா நடவடிக்கையில் பங்கெடுத்தவர். 2023-இல் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலேயே உறுதிமொழி எடுத்து மறுபடியும் ராணுவ ரிசர்வில் சேர்ந்தார். கன்ட்ரி இசை கேட்கும் தென் மாநிலக் குடும்பங்களிலிருந்துதான் படைக்கும் நிறைய ஆட்கள் போகிறார்கள். அதனால் இது ஆச்சரியமில்லை.

முன்னாள் ராணுவ அதிகாரி அமெரிக்க அரசை எதிர்த்துப் பாடினாரா?

பாடினார். அவர் கருத்து மாறிய விதத்தை முழுசாகச் சொல்லவேண்டும். நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் எழுதி, 1966-இல் டேவ் டட்லி பாடி வெற்றிபெற்ற பாட்டு, வியட்நாம் போரை எதிர்த்தவர்களைச் சாடியது. ராணுவ அதிகாரியின் பார்வை அது. பிறகு போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் வாயால் அங்கே நடந்ததைக் கேட்டார். கேட்கக் கேட்க மாறினார். 1980-களில் நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் அமெரிக்கா செய்தவற்றைக் கண்டித்து 'ரீபொசெஸ்ட்', 'தேர்ட் வேர்ல்ட் வாரியர்' என்று இரண்டு தொகுப்புகள் போட்டார். சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்காகவும் பாடினார். கன்ட்ரி ரசிகர்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள், இசைத்தட்டும் விற்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. அந்தத் தொகுப்புகளில் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் மேடைப்பேச்சு தலைதூக்கும். ஆனால் படையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு தாழ்ந்த சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கேட்ட கேள்வியெல்லாம் அனுப்பியவர்களைப் பார்த்துத்தான்.

சினேட் ஓ'கானர் சம்பவம் என்ன?

1992 அக்டோபர் 16, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். பாப் டிலனின் முப்பது வருட இசை வாழ்க்கைக்கு விழா. ஏறக்குறைய இரண்டு வாரம் முன்புதான் அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ'கானர், தேவாலயத்தில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகளைக் கண்டித்துத் தொலைக்காட்சி நேரலையில் போப்பின் படத்தைக் கிழித்திருந்தார். அவரை மேடைக்கு அழைத்தவர் கிறிஸ்டோஃபர்சன். பெயரைச் சொன்னதும் கூச்சல் தொடங்கியது, நிற்கவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண், மொட்டைத் தலை, அப்படியே நிற்கிறார். அவரை மேடையிலிருந்து கூட்டிவந்துவிடுங்கள் என்று கிறிஸ்டோஃபர்சனிடம் சொன்னார்கள். போனார். கூட்டிவரவில்லை. காதருகே குனிந்து, இந்தப் பாவிகளுக்காக மனம் தளராதே என்ற அர்த்தத்தில் நாலு வார்த்தை சொன்னார். மனம் தளரவில்லை என்று அவரும் சொன்னார். பாடி முடித்து வந்ததும் கட்டியணைத்துக்கொண்டார். மேலிடத்து உத்தரவை மீறி ஒரு ராணுவ அதிகாரி எப்படி நின்றார் என்று பார்க்க விரும்பினால் அந்த வீடியோவைப் பாருங்கள்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

பல வருடம் ஞாபகமறதியால் சிரமப்பட்டார். அல்சைமர் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். 2016-இல் பரிசோதித்தபோது உண்ணிக்கடியால் வரும் லைம் நோய் இருப்பது தெரிந்து, அதற்கு மருந்து கொடுத்ததும் நிறையத் தேறினார். 2020 வரை தொடர்ந்து கச்சேரி செய்தார். பெரும்பாலும் தனியாக ஒரு கிட்டார், கழுத்தில் ஒரு ஹார்மோனிகா. 2004-இலேயே கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்திருந்தது. தன் கல்லறையில் லெனார்ட் கோஹனின் 'பேர்ட் ஆன் தி வயர்' பாட்டின் முதல் வரிகளைப் பொறிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். என்னென்னவோ எழுதிய மனிதர், தன் கல்லறைக்கு இன்னொருவர் வரியைக் கேட்டார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1970-இல் வந்த முதல் தொகுப்பு. பிறகு 1971-இல் வந்த 'தி சில்வர் டங்டு டெவில் அண்ட் ஐ'. 'சண்டே மார்னிங்' பாட்டை மட்டும் முதலில் கேஷ் குரலில் கேளுங்கள், அப்புறம் எழுதியவர் குரலில்.

அதோடு, 2023 ஏப்ரலில் வில்லி நெல்சனின் தொண்ணூறாவது பிறந்தநாள் விழாவில், லாஸ் ஏஞ்சலீஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் அவர் பாடியதையும் பாருங்கள். அவருக்கு அப்போது எண்பத்தாறு. 1971 தொகுப்பிலிருந்து ஒரு காதல் பாட்டு. பக்கத்தில் நின்று கூடப் பாடுகிறவர் ரோசான் கேஷ், கிறிஸ்டோஃபர்சன் ஹெலிகாப்டரை இறக்கிய வீட்டுக்காரரின் மகள்.